சாமி மட்டும் திரும்பி வந்தது

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில், ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் நடந்தது இது. எங்கள் குலசாமி அங்கேதான் இருக்கிறது. நாங்கள் இருப்பது அடிவாரத்தில், திருப்பத்தூரை ஒட்டிய ஒரு கிராமத்தில். வீட்டில் பிறக்கிற பிள்ளைகளுக்கு மலையேறிப் போய் அந்தச் சாமி முன்னால்தான் காது குத்த வேண்டும். அன்றைக்கு என் தம்பி மகளுக்குக் காதுகுத்து.

எனக்குக் கொஞ்சம் கேமரா கிறுக்கு உண்டு. தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் போனிலேயே படம் எடுக்கிற காலத்தில் ஆசைப்பட்டு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். நகைக்குப் பதில் இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாள் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் கடைசியில் எல்லோரும் என்னிடம்தான் படம் கேட்டு வருவார்கள்.

அன்றைய விசேஷத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். குழந்தையின் தாய்மாமன் வருவாரா, மாட்டாரா? தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்! என் தம்பி மனைவிக்குக் கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன். கணியம்பாடிப் பக்கம் நிலம் வைத்துக்கொண்டு உரக்கடையும் நடத்துகிறார். அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் இவள் என் தம்பியைக் கட்டிக்கொண்டாள். அன்றோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை, வளைகாப்புக்கு வரவில்லை, குழந்தை பிறந்ததற்கும் எட்டிப் பார்க்கவில்லை. அவளுடைய அம்மா மூலமாகத்தான் காதுகுத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். வரமாட்டார் என்று முடிவு கட்டி, மாமன் முறையுள்ள வேறொருவரை மடிக்குத் தயார் செய்தும் வைத்திருந்தோம்.

நாங்கள் மலை மேலே போய்ச் சேர்ந்து பொங்கல் பானை வைத்துக்கொண்டிருக்கும்போது, ஷேர் ஜீப் ஒன்றிலிருந்து அவர் இறங்கினார். வெள்ளை வேட்டி சட்டை, கையில் துணியால் மூடிய சீர்த்தட்டு. யாரையும் நேராகப் பார்க்கவில்லை. தட்டை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் தள்ளி நின்றுகொண்டார். என் தம்பி மனைவி கிளறிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே பானைக்குள் விட்டுவிட்டு எழுந்து நின்றாள். அவர் அருகே போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவரும் வரவில்லை.

அந்தச் சாமி இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயில் என்று கட்டடம் எதுவும் கிடையாது. பெரிய புளியமரம், அதன் அடியில் மஞ்சள் பூசிய கல், சுற்றிலும் நட்ட வேல்கள். எல்லைக்கல்லைத் தாண்டும்போதே எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மூங்கில் கூடையில் போட்டு வைத்துவிடுவார்கள். இந்தச் சாமியைப் படம் எடுக்கக் கூடாது. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டிலும் அதன் படம் இருக்காது.

பூசை முறை வருஷத்துக்கு ஒரு வீடாக மாறி வரும். அந்த வருஷம் முறை வந்திருந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். மற்ற நாட்களில் புதூர்நாட்டுக்கும் திருப்பத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் எங்களை மேலே ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான். வழியெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர், வண்டியை நிறுத்திவிட்டுப் பேன்ட்டைக் கழற்றி, குளித்து, மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றபோது எங்களுக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. பூசாரியாக அவருக்கு அது முதல் வருஷம்.

குழந்தைக்கு நினைவாக நாலு படமாவது வேண்டும் என்று அவரிடம் கெஞ்சி, என் கேமராவுக்கு மட்டும் அனுமதி வாங்கினேன். சாமிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பள்ளத்தாக்குப் பக்கமாகத்தான் எடுக்க வேண்டும் என்பது பேச்சு. ஆக, அன்றைக்கு அந்த இடத்தில் இருந்த ஒரே கேமரா என்னுடையது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமாகக்கூட இருந்தது.

காது குத்தும் நேரம் வந்தது. தாய்மாமன் பலகையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்தோம். முன்பின் பார்க்காத ஆள் என்றாலும் அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சமர்த்தாகத்தான் இருந்தது. ஆசாரி முதல் காதைக் குத்தினாரோ இல்லையோ, வீறிட்டு அலறி, முகத்தை அவர் நெஞ்சில் புதைத்துக்கொண்டது. அவர் அப்படியே பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி, குழந்தையின் தலையை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

நான் நின்ற இடத்திலிருந்து அந்த முதுகுதான் தெரிந்தது. முகம் வேண்டுமே! யோசிக்கவே இல்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்க் குழந்தையையும் அவரையும் எடுக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டே இன்னொரு பக்கம் திரும்பிவிட்டார். அவர் திரும்பிய பக்கமே நானும் ஓடினேன். கடைசியில் அவர் முகம் எனக்கு நேராகக் கிடைத்தது. கண்ணில் நீர் வழிய, குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். ஃபிளாஷ் வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்த வேல்களில் பட்டுப் பளிச்சென்று அடித்தது.

அப்போதுதான் எந்தப் பக்கம் பார்த்து எடுத்திருக்கிறேன் என்று உறைத்தது. மேளம் நின்றுவிட்டது. பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பூசாரி வந்து படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். மேலே சாமி, வேல், மாலை எல்லாம். கீழே மாமனும் குழந்தையும். அவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒண்ண மட்டும் அழிச்சிடுங்கக்கா" என்றார்.

அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலெல்லாம் மஞ்சளும் எண்ணெயும். இந்தப் படமா, எல்லாப் படமுமா என்று கேமரா கேட்டது. நிச்சயமாகவா என்றும் கேட்டது. பதற்றத்தில் எதையோ அழுத்திவிட்டேன். படம் எதுவும் இல்லை என்று அந்தச் சின்னத் திரை எழுதிக் காட்டியது. காலையிலிருந்து எடுத்த அத்தனையும் போயிருந்தது. பூசாரிக்கு அது தெரியவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுபடி மேளம் கேட்டது. இரண்டாவது காதையும் குத்தினார்கள். கேமராவைத் தொடவே எனக்குக் கை வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில்தான் இன்னொரு சங்கடம். சொந்தக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக வந்து, எங்களையும் ஒன்று எடு என்று வரிசையாக நின்றார்கள். எல்லாம் அழிந்துவிட்டது, எனக்கு மனசு சரியில்லை என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். பூசை வேலை முடித்துப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்த பூசாரிகூட ஜீப்பில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். தாய்மாமன் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்; அவர் பக்கம் கேமராவைத் திருப்ப மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது குழந்தையின் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டு பூசாரியின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை, காது வீங்கிச் சிணுங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி மனைவி என்னிடம் வந்தாள். "அண்ணி, எங்க அண்ணன் இருக்கற படத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டாள். சாமி தெரிகிற படத்தை அழித்தது அவளுக்குத் தெரியும். வேறு எதிலாவது அவர் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்தது எல்லாம் போய்விட்டது என்று சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை அண்ணி என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவரிடம் புலம்பினேன். அழித்த படங்களைக் கார்டிலிருந்து மீட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், முதலில் கார்டைக் கழற்றிப் பத்திரமாக வை என்றார். சனிக்கிழமை தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு திருப்பத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்று. நடத்துகிறவர் என் வயதுக்காரப் பெண். கார்டைக் கையில் வாங்கியதும், அழித்த பிறகு இதில் ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம், சாப்பாட்டுப் பந்தியெல்லாம் எடுத்தேன் என்றேன். அவர் உச்சுக் கொட்டினார்.

ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பஸ்ல ஒருத்தரோட டிக்கெட்ட வாங்கிக் கிழிச்சிட்டீங்கன்னு வைங்க, ஆளு இன்னும் சீட்லதான் உக்காந்திருப்பாரு. வேற ஆளு வந்து எழுப்பற வரைக்கும் அங்கதான் இருப்பாரு. நீங்க வேற ஆளுங்கள ஏத்திட்டீங்க. யாரு சீட்ல யாரு போய் உக்காந்தாங்கன்னு இனிமே பாத்தாதான் தெரியும்" என்றார். அழித்தவுடன் கேமராவை அணைத்துவிட்டு அப்படியே கொண்டு வந்திருக்க வேண்டுமாம். இது அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டேன்.

அவர் கார்டில் இருந்ததை முதலில் தன் கம்ப்யூட்டருக்கு முழுசாக நகல் எடுத்துக்கொண்டு, அதன் மேல்தான் தேட ஆரம்பித்தார். பச்சைக் கோடு ஒன்று திரையில் நகர்ந்தது. எங்கள் ஊர்ப் பஸ்ஸே தேவலை, அவ்வளவு மெதுவாக. நாங்கள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குலசாமியிடமே வேண்டிக்கொண்டேன். அழிக்கச் சொன்ன சாமியிடமே மீட்டுக் கொடு என்று கேட்கிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

படங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. முதலில் வந்தவை அன்றைய படங்களே இல்லை. எப்போதோ எடுத்து எப்போதோ அழித்தவை. பக்கத்து வீட்டு மாடு, பள்ளி ஆண்டு விழா, அப்புறம் புதுப் புடவை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நான் என்னையே எடுத்துப் பார்த்த படங்கள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு நின்றிருந்தேன். கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். தம்பி மனைவியும் சிரித்துவிட்டாள். பல நாளுக்கு அப்புறம் அவள் சிரித்ததைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வெட்கம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

பிறகு மலைப் படங்கள் வந்தன. பொங்கல் பானை, மொட்டை போட்ட பிள்ளைகள், என் அம்மா கையில் சீர்த்தட்டு. ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்தன. ஆனால் அவர் வந்து இறங்கியதையும், அவர் மடியில் குழந்தையை வைத்ததையும் நான் எடுத்திருந்த சில படங்கள் திறக்கவே இல்லை. கடைசியில் அந்தப் படம். நான் முதலில் நினைத்துப் பார்க்காத விஷயம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. எல்லாவற்றையும் மீட்டுக் கொடு என்று கேட்டால், பூசாரி அழிக்கச் சொன்னதும் சேர்ந்துதானே வரும்!

வந்தது. மேல்பாதி தெள்ளத் தெளிவாக வந்தது. மஞ்சள் பூசிய கல், மாலை, எலுமிச்சம்பழம் குத்திய வேல்கள். அதற்குக் கீழே கொஞ்சம் தலைமுடி, பாதி நெற்றி. அத்தோடு சரி. மற்றதெல்லாம் சிமென்ட் பூசிய மாதிரி வெறும் சாம்பல் நிறம். குழந்தை இல்லை, அவர் முகம் இல்லை, அந்தச் சிரிப்பு இல்லை. நான் பந்தியில் எடுத்த படங்களில் ஏதோ ஒன்று அதன் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரம்மா வேறு ஒன்றிரண்டு வழிகளில் முயன்று பார்த்துவிட்டு, இதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எது கூடாது என்றார்களோ அது மட்டும் பளிச்சென்று இருக்கிறது, எது வேண்டும் என்று தவித்தோமோ அது இல்லை. தம்பி மனைவி திரையின் அருகே குனிந்து, அந்தத் தலைமுடியையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அண்ணனுக்கு நரைச்சிடுச்சு அண்ணி. அன்னிக்கு நான் கவனிக்கவே இல்ல" என்றாள்.

அந்தத் துண்டையாவது வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். சாமி முன்னால் அழிக்கிறோம் என்று சொன்னது சொன்னதுதான், அழித்துவிடுங்கள் என்றாள். கடைக்காரம்மா எங்கள் முன்னாலேயே அதை அழித்தார். மற்ற படங்களைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

அதோடு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. அழித்ததைத் திரும்ப எழுப்பிவிட்டோம் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. புதூர்நாட்டு ஜீப்புகள் நிற்கிற இடத்துக்கு நடந்தோம். பூசாரி ஜீப்பின் மேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எல்லாப் படத்தையும் அழித்தது, கடைக்கு வந்தது, சாமி மட்டும் திரும்பி வந்தது, அதைத் திரும்ப அழித்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் முகம்தான் வாடிப்போய்விட்டது. கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

"அப்போ அவுரு மொகம் வரவே இல்லயா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் என் தம்பி மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "உங்க அண்ணன் அன்னிக்கு என் பக்கத்துலதாம்மா உக்காந்து வந்தாரு. மலை எறங்கற வரைக்கும் வாயே தெறக்கல. அடிவாரத்துல எறங்கறப்போ கேட்டாரு. சாமிய மட்டும் அழிச்சிட்டு, நானும் கொழந்தையும் இருக்கறத வுட்டு வெக்க முடியாதான்னு. எனக்கு மனசே கேக்கல. இன்னா பண்றது, அன்னிக்கு நான் பூசாரி."

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஜீப்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு போனை எடுத்தாள். அண்ணன் நம்பர் இத்தனை வருஷமும் அவள் போனில் இருந்தது. ஒரு தடவைகூட அவள் கூப்பிட்டதில்லை. மூட்டைகளும் ஆட்களும் நெருக்கியடிக்கிற அந்த இடத்தில் நின்றுகொண்டே கூப்பிட்டாள். மறுபக்கம் எடுத்ததும், நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அண்ணா, நான்தான். அந்த போட்டோ போயிடுச்சுண்ணா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் பேச முடியாமல் விம்மினாள்.

வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு அவர் குரல் எனக்கும் கேட்டது.

"அதுக்கா அழுவற? இன்னொரு வாட்டி எடுத்தா போச்சு. ஞாயித்துக்கெழம வர்றேன், வூட்லயே இரு."

பூசாரி திரும்பிக்கொண்டு மூட்டையை மறுபடி கட்ட ஆரம்பித்தார். கட்டியிருந்த முடிச்சையே இரண்டாவது தடவையாகக் கட்டிக்கொண்டிருந்தார். போகிறபோது, ஜீப் பக்கத்தில் நின்று எடுத்த தன் படமாவது இருக்கிறதா என்று கேட்டார். அது மட்டும் பத்திரமாக இருந்தது. பந்தியில் எடுத்ததில் ஒன்றுகூடக் கெடவில்லையே!

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். முதல் அரைமணி நேரம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. என் தம்பி மழையைப் பற்றிப் பேசினான், அவர் உரம் வருவதில்லை என்றார். குழந்தையோ அவரைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டது. இந்த ஆள் மடியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார், அப்புறம் எல்லோரும் சிரித்தோம். என் தம்பி மனைவி அண்ணனுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். இரண்டு பேரும் சமையல்கட்டு வாசலில் நின்று என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் அவள் மடியில் குழந்தை, பக்கத்தில் அவர் என்று ஒரு படம் எடுத்தேன். குழந்தை ஆடியதால் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்தது.

இப்போதெல்லாம் அவர் மாதம் ஒருமுறையாவது வருகிறார். குழந்தை அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறது. அவர் வரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாம்பல் நிறப் பாதி ஞாபகம் வரும். அன்றைக்கு அந்தப் பாதி முழுசாகக் கிடைத்திருந்தால், அழிக்க மனசு வராமல் என் தம்பி மனைவி அதை மட்டும் வெட்டிப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டி, அண்ணன் ஒரு தடவை வந்துவிட்டுப் போனாரே, அதுவே போதும் என்று ஆசைதீரப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள், அந்த போனை எடுத்திருக்கவே மாட்டாள் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.